ஒரு கட்டத்துக்கு ஏழு நொடி

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். மூன்றாம் வகுப்பு வரை உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால்தான் சரி. படித்ததெல்லாம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். எழுத்துகள் எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்தின் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டி, நீதானா என்று கேட்டு, வெளியே அழைத்து வந்து, எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்த பிறகுதான் அது ஒரு வார்த்தை என்று எனக்குப் புரியும். எங்கள் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று புறப்படும் நேரத்துக்குள் அதன் மேல் எழுதியிருப்பதை நான் படித்து முடித்ததே இல்லை. அடுத்த ரயில் வரும், அதில் மீதியைப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

இந்தப் படிப்பை அளவாக வைத்துத்தான் என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்தான்.

அவனுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற மில். ஒப்பந்தக் கூலியாகப் போனவன், சுவரில் எச்சரிக்கை போர்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மண்டை ஓட்டுக்குக் கொஞ்சம் மீசை வைத்துவிட்டான். திட்டு விழும் என்று பார்த்தால், புது ஆட்களுக்குப் பாடம் சொல்லும் பயிற்சிப் பிரிவின் ஆபீசர் அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொடுத்தார். எதைத் தொடலாம், எதைத் தொட்டால் கை போகும் என்று காட்ட ஒரு படம் வேண்டும் என்றார். படம் எடுக்க அங்கே கேமராவும் இல்லை, நடிக்க ஆளும் இல்லை. கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு வரி எழுதி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட விடுகிற ஒரு சாஃப்ட்வேர் மட்டும் இருந்தது. சினிமாக்காரர்கள் படம் எடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் வரைந்து பார்ப்பார்களாம். அதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். மில்லில் அந்த வரைபடமே படம் என்று முடிவாயிற்று. மெஷின் சத்தத்தில் பேச்சு எதுவும் காதில் விழாது. அதனால் குரல் கிடையாது, எழுத்து மட்டும்தான்.

மில்லில் ஓரம் கட்டி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஆபீசர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அது வந்து என் மருமகளின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மருமகள் ஊராருக்கு ஜாக்கெட் தைப்பவள். ஆயுத பூஜைக்கு அவள் மெஷினுக்கு வைத்த கையோடு நான் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கண்ணாடியிலேயே வைத்துவிட்டேன். மகன் அதைத் துடைக்காமல் அந்தப் பொட்டைச் சுற்றி ஒரு மூஞ்சி வரைந்து காட்டினான். என் மூஞ்சிதான். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

முதல் நாள் அவன் அந்த சாஃப்ட்வேரைத் திறந்தபோது பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் நின்றேன். வரைவதற்கு வெள்ளைக் காகிதம் மாதிரி ஏதோ வரும் என்று பார்த்தால், ஒரு பெட்டி வந்தது. பெட்டி முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ நிரப்பச் சொல்லிக் காத்திருந்தது.

"இன்னா நைனா, ஒரு கோடுகூட இழுக்கல. அதுக்குள்ள இது இத்தினி கேள்வி கேக்குது?"

"செட்டிங்ஸும்மா. மொதல்லயே சொல்லிடணும். படம் அகலமா, சதுரமா. எழுத்து எம்மாம் பெருசு. ஒரு கட்டம் எம்மா நேரம் நிக்கணும். அத்தெல்லாம் சொன்னாத்தான் உள்ள வுடும்."

"கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் மாதிரி கீது."

மருமகள் தையல் மெஷினிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அளவு எடுக்காம நான் துணிய வெட்டுவேனா அத்தை? அது மாரிதான்."

"உனுக்கு இன்னாடி, நீ அளவு எடுத்துட்டே தப்பாத்தான் வெட்ற."

அவள் வாயில் குண்டூசி வைத்திருந்தாள். சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். மகன் அகலத்தை நிரப்பினான், எழுத்தின் அளவை நிரப்பினான். கட்டத்தின் நேரம் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

"இது மட்டும் எனுக்குத் தெரியலம்மா. எம்மா நேரம் குடுத்தா படிப்பாங்க?"

"அத்த போயி என்னாண்ட கேக்கறியே?"

"உன்னாண்டதான் கேக்கணும். மில்லுல பாதி பேரு உன் கிளாஸ்மேட்டு."

அப்படித்தான் ஆரம்பித்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வான். திரையில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுவான். "படி" என்பான். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவேன். 'ஈர இரும்பை உலையில் போடாதே.' ஈரத்தோடு போட்டால் உலை வெடித்துக் கக்கும் என்று அவன் எனக்குச் சொல்லியிருந்தான். ஆனாலும் 'உலையில்' என்று படித்தவுடன் எனக்குச் சோற்று உலைதான் ஞாபகம் வரும். கடைசி எழுத்தைப் படித்து வாயை மூடுவேன். அவன் "ம், ஏழு" என்பான்.

வேறு வரிகளுக்கு அதைவிடக் கூடுதலாகப் பிடித்தது. அப்போதெல்லாம் அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவான். வரியில் இருந்து ஒரு வார்த்தையைத் தூக்குவான், இன்னொன்றைத் தூக்குவான், மறுபடியும் படிக்கச் சொல்வான். ஏழுக்குள் வரும்வரை விட மாட்டான். வார்த்தையைத்தான் வெட்டினான், நேரத்தை வெட்டவில்லை. அந்தப் பெட்டியில் ஏழு என்று போட்டு ஓகே கொடுத்தான். இனிமேல் வரைகிற ஒவ்வொரு கட்டமும் தானாக ஏழு நொடி நிற்கும் என்றான்.

தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, டீ குடித்து, ஒரு கட்டம் வரைவான். அடியில் வரி எழுதுவான். "யம்மா, வா. பரீட்சை" என்பான். எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள் அவன் வருவதற்கு முன்னால் மருமகளை அந்த வரியைப் படிக்கச் சொல்லி, நாலைந்து தரம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். அவன் வந்து கடிகாரத்தைக் கழற்றினான். நான் ரயில் மாதிரி ஓட்டினேன். 'கிரேன் அடியில் நிற்காதே!'

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். எனக்கு மறைத்துக்கொண்டு எதையோ தட்டினான். "யம்மா, திருப்பி ஒரு தபா படி."

"கிரேன் அடியில் நிற்காதே!"

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேத்தியும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். அவன் திரையில் எழுதியிருந்தது இது: 'என் அம்மா நாலு இட்லி தின்றாள்.'

"அஞ்சுடா" என்றேன். வேறு என்ன சொல்வது.

படம் பாதி வந்திருந்தபோது ஐப்பசி மழை. காய்ச்சல் என்று படுத்தான். இங்கே ஊசி போட்டார்கள். அப்புறம் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். உட்கார்ந்துகொண்டு போனவன் படுத்துக்கொண்டு வந்தான். இந்த இடத்தில் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் மேல் மருமகள் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினாள். தையல் மெஷினையும் மூடினாள். கருமாதிக்கு வந்த அவளுடைய அண்ணன், சூளூர்ப்பேட்டையில் தன் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, தங்கச்சியையும் குழந்தையையும் கூட்டிப்போகிறேன் என்றான். தங்கமான பையன். மனசாரத்தான் கேட்டான். ஜாக்கெட் தைத்து மூன்று பேர் சாப்பிட முடியாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேத்தி என் இடுப்பில் இருந்தாள். அவளை மாற்றி அடுத்த இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் ஆபீசர் வந்தார். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலி கொடுத்தும் உட்காராமல் நின்றார். மருமகளைப் பார்த்துப் பேசினார்.

"படம் பாதியில நிக்குதும்மா. வேற ஆளப் போட்டா மொதல்லேர்ந்து வரைவாங்க. அவன் செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும். நீ கூடவே உக்காந்து பாத்திருக்கே, கலர் எல்லாம் குடுத்திருக்கேன்னு சொல்லுவான். நீ முடிச்சுக் குடு. கேன்டீன் ஹால்ல எல்லாரையும் வெச்சுப் போட்டுக் காட்டுவோம். மேலிடத்துக்குப் புடிச்சிட்டா, அவன் சேர்ல உன்ன உக்கார வெக்கச் சொல்லி நான் கேக்கறேன்."

மருமகள் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு. அவன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏழு செகண்டு குடுத்து வெச்சிருக்கான். நான் அப்பவே சொன்னேன், கேக்கல. மூணு போதும்."

"சார், மெதுவாப் போனாத்தானே படிக்க முடியும்?" என்றேன் நான்.

"புரியுதும்மா. ஆனா ஷிஃப்ட் மாறுற நேரத்துலதான் ஆளுங்க சேர்ந்து கெடைப்பாங்க. வர்றவன் பஞ்ச் பண்ணணும், போறவன் ரயில் புடிக்கணும். ரொம்ப நேரம் உக்கார வெச்சா எழுந்து போயிடுவான். அப்புறம் மேலிடத்துல படமே வேணாம்னு சொல்லிடுவாங்க."

கெட்ட மனிதர் இல்லை. போகும்போது பேத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மருமகள் புடவையை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டாள். கண்ணாடியில் குங்குமம் அப்படியே இருந்தது. அவன் கடைசியாக வரைந்த கட்டம் வந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். ஒரு கையில் மட்டும் கையுறை வரைந்திருந்தது. இன்னொரு கை வெறுங்கை. அடியில் வரி மட்டும் முழுசாக இருந்தது. 'இரண்டு கையிலும் கையுறை போடு.'

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எங்கெங்கோ அமுக்கி அந்தக் கேள்விப் பெட்டியைக் கண்டுபிடித்தாள். பெட்டி முழுக்க இங்கிலீஷ். அவள் பன்னிரண்டாவது படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்தாள். எனக்கு அங்கே தெரிந்தது ஒன்றுதான். நம்பர் என்றால் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"அத்தை, இங்க பாரு. உன் ஏழு."

"பாத்துகினுதான் கீறேன்."

"மாத்தட்டுமா?"

"என்ன இன்னாடி கேக்குற? நானா போட்டேன்? போட்டவனாண்ட கேளு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். வாயிலிருந்து வந்த பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் பெட்டியை மூடிவிட்டு அப்படியே கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். அவள் நெற்றி எந்த எழுத்தின் மேல் இருந்ததோ, அந்த எழுத்து திரையில் வர ஆரம்பித்தது. கையுறை வரிக்குப் பக்கத்தில் கககககக என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு வரி நிறைந்தது, இரண்டு வரி நிறைந்தது.

"எழுந்திருடி. இத்த மட்டும்தான் நான் ஏழு செகண்டுக்குள்ள படிப்பேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். நெற்றியில் நாலு சதுரம் பதிந்திருந்தது. நானே முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"போடு" என்றேன். "மூணு போடு. நானா மில்லுல போயி கம்பி இழுக்கப் போறேன்? எனுக்கு எதுக்கு ஏழு?"

ஏழை அழித்தாள். மூன்று என்று போட்டாள். ஓகே கொடுத்தாள். பெட்டி மூடிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை.

அதன் பிறகு அவள்தான் வரைந்தாள். வெறுங்கைக்குக் கையுறை போட்டாள். புதிதாக ஆள் வரைய அவளுக்கு வராது. மகன் வரைந்த அந்த ஆளையே நகல் எடுத்து, கையை மட்டும் தூக்குவாள், தலையை மட்டும் திருப்புவாள், கையில் கம்பி கொடுப்பாள். துணியில் பழைய ஜாக்கெட்டை வைத்து அளவு போடுகிற மாதிரிதான். கரண்ட் போகும், வரும். போகும்போது யூபிஎஸ் கத்தும், அவசரமாகச் சேமிப்பாள். என்னைப் படிக்கக் கூப்பிடவில்லை. நானும் பக்கத்தில் போகவில்லை. பேத்திக்குச் சோறு ஊட்டுகிற சாக்கில் வாசலில் இருந்துகொள்வேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் கையுறைக்கு அடுத்த கட்டத்திலிருந்துதான் ஓட்டுவாள், அவள் வரைந்ததை மட்டும். அதற்கு முன்னால் இருக்கிற அவன் பக்கத்துக்கு அவள் போகவே இல்லை. அங்கேதான் கிரேன் இருக்கிறது, அந்த இட்லி இருந்த இடம். நானும் போட்டுக் காட்டு என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வீட்டில் ஒரு அறையைப் பூட்டி வைத்தமாதிரி அதைப் பூட்டி வைத்தோம். முடித்தவுடன் சிடியில் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஹாலில் போட்டுக் காட்டுகிற நாளில் நானும் போனேன். குழந்தையை விட்டுவிட்டுப் போக வேறு இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் நாற்காலியை ஒரு தடவை பார்க்க வேண்டும். செக்யூரிட்டிக்காரர் என் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். பேத்தி அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கேன்டீன் ஹாலில் சாம்பார் வாசனையும் கிரீஸ் வாசனையும் ஒன்றாக அடித்தது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மருமகள் ஆபீசருக்கும் இன்னும் இரண்டு பெரிய மனிதர்களுக்கும் முன்னால், துணிக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றாள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

முதல் கட்டம் வந்தது. அவன் கோடு. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவன் வரைகிற ஆளுக்கெல்லாம் காது கொஞ்சம் விடைத்துக்கொண்டிருக்கும், அவன் காது மாதிரியே. நான் என்னை அறியாமல் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. உதடு மட்டும் அசைந்தது. எப்படியும் பாதியில் ஓடிவிடும் என்று தெரிந்தேதான் படித்தேன். ஓடவில்லை. கடைசி எழுத்தைப் படித்து வாயை மூடினேன். அப்போதுதான் படம் மாறியது.

அடுத்த கட்டம். படித்தேன். வாயை மூடினேன். மாறியது.

அதற்கடுத்ததும் அப்படித்தான். மூன்று போட்டோமே, என் கண்ணெதிரில் போட்டாளே, இது எப்படி ஏழாக நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் புரிந்துகொள்ள அப்போது எனக்கு நேரம் இல்லை, நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரி முடியும்போதும் என் காதுக்குப் பக்கத்தில் ஒருத்தன் "ம், ஏழு" என்று சொன்ன மாதிரியே இருந்தது. ஈர இரும்பு வந்தது. கிரேன் வந்தது. அதை நான் மனப்பாடமாகச் சொல்லாமல் நேர்மையாகப் படித்தேன்.

முன் வரிசையில் நெளிய ஆரம்பித்தார்கள்.

"இன்னாபா, படம் மாட்டிகிச்சா?"

"ஆபரேட்டரு தூங்கிகினு கீறான் போல."

"டேய், அஞ்சே முக்கால் வண்டி போயிடும்டா."

ஒருவன் எழுந்தான், இன்னொருவன் எழுந்தான். பெரிய மனிதர்களில் ஒருவர் ஆபீசரின் காதில் ஏதோ சொன்னார். ஆபீசர் திரும்பி மருமகளைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த நாற்காலி, சூளூர்ப்பேட்டை அறை, என் மடியில் இருக்கும் இந்தக் குழந்தை, எல்லாம் அவள் முகத்தில் இருந்தன. சீக்கிரம் போ, நைனா, சீக்கிரம் போ என்று மனதுக்குள் அவனைத் துரத்தினேன். துரத்திக்கொண்டே படித்தேன்.

கையுறை வந்தது. 'இரண்டு கையிலும் கையுறை போடு.' படித்தேன். வாயை மூடினேன். மாறியது.

அதற்கடுத்த வரியில் நான் இரண்டு எழுத்துதான் தட்டியிருப்பேன். போய்விட்டது. அடுத்ததில் மூன்று எழுத்து. போய்விட்டது. அப்புறம் எழுத்தே தெரியவில்லை, ஹெல்மெட்டும் கம்பியும் கையும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆங், இப்ப ஓடுது பாரு!" என்று முன்னால் ஒருவன் கத்தினான். கை தட்டினார்கள். சிலர் விசிலும் அடித்தார்கள். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு எப்படித் தெரியும், அவர்கள் கை தட்டிய இடத்தில்தான் என் மகன் போனான் என்று. அங்கே இருந்தவர்களில் அது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். அவள் பெரிய மனிதர்களின் தலைக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தாள். நான் ஹெல்மெட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் ஆபீசர் வந்தார். "பின்னாடி பாதி சூப்பர்மா. மேலிடத்துல அதத்தான் சொன்னாங்க. முன்னாடி பாதி ஏன் அப்படியே கெடக்கு? அதையும் இதே மாரி பண்ணிக் குடுத்துடு. மத்தது நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கே குடுத்துடறேன் சார்" என்றாள்.

பேத்தி ரயிலிலேயே தூங்கிவிட்டாள். ஆரம்பாக்கத்தில் இறங்கி நடக்கும்போது எனக்குப் பொறி தட்டியது.

"ஏண்டி, நீ அளவு எய்தற நோட்டுல இன்னிக்கு அளவ மாத்தி எய்தினா, போன மாசம் தெச்சுக் குடுத்த ஜாக்கெட்டு சுருங்கிடுமா?"

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அய்யோ அத்தை. புதுசா போடற கட்டத்துக்குத்தான் அந்த மூணு. அவரு போட்டது அப்படியே கீது." தலையில் அடித்துக்கொண்டாள். "எனுக்குத் தோணவே இல்லியே."

"ஊருக்கே ஜாக்கெட் தெக்கிறா, இது தோணலயாம்" என்றேன். ஆனால் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏன் திறக்கவில்லை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் எல்லாக் கட்டத்தையும் ஒரேயடியாகப் பிடித்து நேரத்தை மாற்றுகிற வழியைக் கண்டுபிடித்தாள். அவன் வரைந்த கட்டங்கள் எல்லாம் நீலமாகிக் காத்திருந்தன. அவள் கை மவுஸ் மேல் இருந்தது.

"அத்தை…"

"ஒரே ஒரு தபா ஓட்டு" என்றேன். "அப்பால மாத்து."

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலிலிருந்து ஓட்டினாள். நான் வாய்விட்டுப் படித்தேன். ஒரு வரிகூட விடவில்லை, ஒரு வரிகூடப் பிந்தவில்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை முடிந்ததும் "நிறுத்து" என்றேன். நிறுத்தினாள்.

"மாத்திடு."

மாற்றினாள். இத்தனை நாள் உட்கார்ந்து உட்கார்ந்து அவன் செய்தது எல்லாம் ஒரு அமுக்கில் ஓடக் கற்றுக்கொண்டது. சிடி போயிற்று. கொஞ்ச நாளில் அந்தக் கம்ப்யூட்டரையும் மில் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. குங்குமத்தை நான் துடைக்கவில்லை. போகிற இடத்தில் யாராவது துடைத்திருப்பார்கள்.

வேலை கிடைத்தது. காலை வண்டியில் டிபன் பாக்ஸோடு போவாள். சாயங்காலம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போவேன். அண்ணன்காரன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனான். பேத்தி இங்கேயே இருக்கிறாள். நான் கேட்டது அவ்வளவுதான். கேட்டது கிடைத்தவள் அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொன்னால் கேட்கிற ஆளா நான்.

ஸ்டேஷன் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறது, தண்டவாளத்தைக் கடக்காதீர், நடைமேம்பாலத்தைப் பயன்படுத்துவீர் என்று. ரொம்ப நீளம். அவன் பார்த்திருந்தால் ஒரு வார்த்தையையாவது தூக்கியிருப்பான். ரயிலுக்குக் காத்திருக்கும்போது தினமும் அதைப் படிப்பேன். எத்தனை தடவை படித்தாலும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டியிருக்கிறது. கடைசி எழுத்தைப் படித்து வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன்.

ஒரு நாள் அப்படி நின்றபோது வண்டி வந்ததே தெரியவில்லை. மருமகள் பின்னால் வந்து தோளைத் தொட்டாள்.

"இன்னா அத்தை, வண்டி போயே போச்சு. செவுத்த பாத்துகினு இன்னா பண்ற?"

"படிச்சிகினு கீறேன்."

"முடிச்சிட்டியா?"

"எப்பவோ" என்றேன்.

குழந்தை என் இடுப்பிலிருந்து அவள் இடுப்புக்குத் தாவியது. வீட்டைப் பார்த்து நடந்தோம்.